நீல டிரம்மும் காப்புக் கட்டிய மாமனாரும்

வேதியியலில் பட்டம் வாங்கியவன் கையில் காலி டிரம்மைக் கொடுக்கக் கூடாது. மற்றவன் அதில் தண்ணீர் பிடிப்பான். பட்டதாரி பரிசோதனை செய்வான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரங்கூனில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலந்துகொண்டிருந்தேன். கடையில் எல்லாரும் என்னை 'கெமிஸ்ட்' என்றே கூப்பிடுவார்கள். (தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்?) அப்போதுதான் கப்பலில் வேலை பார்த்த என் நண்பன் கோ ராஜு ('கோ' என்றால் பர்மிய மொழியில் அண்ணன்) ஒரு டப்பாவோடு வந்து இறங்கினான். உள்ளே தார் மாதிரி மால்ட் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், வீட்டிலேயே பீர் தயாரிப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம்.

"வெள்ளக்காரனுங்க அடுப்படியிலயே செய்யிறானுங்க. உன்னால ஆகாது, விடு," என்றான்.

அந்த 'விடு'தான் என்னைக் கெடுத்தது.

கெட்ட நேரம் பார்த்துத்தான் கெட்டேன். மல்லிகாவை எனக்குக் கிட்டத்தட்டப் பேசி முடித்திருந்த சமயம் அது. அவளுடைய அப்பா ஊ வேலாயுதம், அம்மன் கோயில் கமிட்டியின் செயலாளர். (பர்மாவில் பெரியவர்களுக்கு மரியாதையாகப் போடும் 'ஊ'வை முன்னால் போடாமல் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.) என்னைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பையன் குடிப்பானா?"

"சத்தியமா வாயில வைக்க மாட்டான்," என்றாள் அம்மா. அன்றைக்கு அது உண்மைதான். டப்பாவையே நான் இன்னும் திறக்கவில்லை.

சித்திரைப் பால்குடத்துக்கு அவர் காப்புக் கட்டியிருந்தார். திஞ்சான் என்கிற தண்ணீர்த் திருவிழா அன்று, கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. மல்லிகாவைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்கிற எண்ணம் எனக்கு இல்லை. இந்தக் கதையில் நான் விளையாடாத ஒரே விஷயம் அதுதான்.

இனி சாமான்கள். புத்தகத்தில் இருந்த பட்டியலைப் பார்த்தால் ஆஸ்பத்திரி கட்டலாம் போலிருந்தது. மூடியும் குழாயும் வைத்த பிளாஸ்டிக் பாத்திரம் முதலில். சூரத்தி பஜாரில் ஒரு நீல டிரம்மைத் தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்து வாங்கினேன். "சோயா சாஸ் வந்த டிரம், சத்தியம்," என்றான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் ஙாப்பி! மீனையும் இறாலையும் புளிக்க வைத்து அரைத்த அந்த விழுது இல்லாமல் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. அதன் வாசனையோ ஏழு தலைமுறைக்குப் போகாது.

எதையும் கிருமி நீக்கிக் கழுவு என்றது புத்தகம். அதற்கான பொடிக்கு எங்கே போவது? மஞ்சளைவிடக் கிருமிநாசினி உண்டா என்று மஞ்சள் தண்ணீரால் கழுவினேன். டிரம் பச்சையாகிவிட்டது. உள்ளே உண்டாகும் வாயு வெளியேற ஒரு குழாய் வேண்டும், ஆனால் வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது. மருந்துக் கடையில் சலைன் குழாய் வாங்கி, மூடியில் ஓட்டை போட்டுச் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு, இடுக்கில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினேன். எறும்புகள் என் திறமையைப் பாராட்டி வரிசையாக வந்தன.

வெப்பமானியும் கேட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். மால்ட் தண்ணீர் ஆறியதும் வைத்துப் பார்த்தேன். பாதரசம் ஏறவே இல்லை. காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்து ஈஸ்ட்டைப் போட்டேன்.

குளுமையான இருட்டு மூலையில் வை என்று கடைசிக் கட்டளை. சித்திரை வெயிலில், கரண்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குளுமைக்கு எங்கே போக? கீழே மாடிப்படிக்கு அடியில் வைத்து, ஈரச்சாக்கைச் சுற்றினேன். அம்மா கேட்டதற்கு, "தண்ணி பிடிக்க டிரம் வாங்கியிருக்கேன்," என்றேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

ஆறு நாள் கழித்து திஞ்சான். மேலே நான் புது லுங்கி கட்டித் தலை சீவிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். வாசலில் ஊ வேலாயுதம், மஞ்சள் வேட்டியில், கையில் காப்போடு, மூக்கில் கடும் சளியோடு நின்றார். பக்கத்தில் ஒரு டிரம். மேலே நாவல் கொழுந்தும் மல்லிகைப் பூவும் மிதந்தன. டிரம்மின் வயிற்றில் சந்தனப் பொட்டு.

பெரியவர்களுக்குப் பிடரியில் மெதுவாகத் தண்ணீர் வார்ப்பது இந்த ஊர் மரியாதை. வெள்ளிக் கிண்ணத்தை அம்மா என் கையில் கொடுத்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் மொண்டு வார்த்தேன். பழுப்பாகத்தான் இருந்தது. எங்கள் குழாய்த் தண்ணீர் என்றைக்குப் பழுப்பாக இல்லாமல் இருந்தது? வாசனையோ, ஆறு நாள் அதிலேயே புழங்கிய என் மூக்குக்கு உறைக்கவே இல்லை. பணிவு தாங்காமல் ஏழு கிண்ணம் வார்த்தேன்.

"நல்லாயிருப்பா. கோயில்ல முடிச்சிட்டு வந்து தேதி பேசுவோம்," என்று சொட்டச் சொட்ட நடந்து போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் கிண்ணத்தின் விளிம்பில் நுரையைப் பார்த்தேன்.

"அம்மா, இது எந்த டிரம்?"

"நீ வாங்குனதுதாண்டா. எந்தத் தரித்திரமோ சலைன் குழாயைச் சொருகி வெச்சிருந்துச்சு. புடுங்கி எறிஞ்சிட்டு, நீ பாதி புடிச்சு வெச்சிருந்ததுக்கு மேல குழாய்த் தண்ணிய ரொப்பி, பொட்டு வெச்சேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எடுப்பாங்களா?"

அமலே! பர்மியர்கள் 'ஐயோ அம்மா' என்று அலறுவது இப்படித்தான்.

மத்தியானத்துக்குள் மல்லிகா ஓடி வந்தாள். வெயிலில் காயக் காய அவள் அப்பா மணக்க ஆரம்பித்திருக்கிறார். முதலில் பீர், அடுத்து ஙாப்பி. காப்புக் கட்டியவர் குடித்தார் என்று பாதிக் கூட்டமும், மீன் தின்றார் என்று மீதியும் பேச, பால்குடத்தைத் தொடக் கூடாதென்று கமிட்டித் தலைவர் நிறுத்திவிட்டார். "அப்பா அழுவுறாங்க," என்றாள். அவளும் அழுதாள்.

வாயைத் திறந்தால் பெண் கிடைக்காது. மூடிக்கொண்டால் ஒரு நல்ல மனிதரின் மானம் போய்விடும். புத்தகம், குழாய், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

மண்டபத்தில் சாமான்களைப் பரப்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கமிட்டி மூச்சு விடாமல் கேட்டது. தலைவர் தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன நாள் புளிக்கணும்?" என்றார் ஒருவர்.

"மால்ட் டப்பா ஒண்ணு போதுமா?" என்றார் இன்னொருவர்.

"அந்தக் குழாயோட எந்த முனை தண்ணிக்குள்ள?" என்றார் தலைவர்.

அதுவரை தூணோரம் உட்கார்ந்திருந்த ஊ வேலாயுதம் எழுந்தார்.

"என்னையக் குடிகாரன்னு சொன்னவங்க எல்லாம் குழாயில எந்த முனைன்னு கேக்குறீங்க. இங்க கேக்கத் தெரியாதவன் நான் ஒருத்தந்தான்!"

தலைவர் தெர்மாமீட்டரைக் கீழே வைத்தார். அவசரமாக அவரைக் குளிக்க வைத்து, புதுக் காப்புக் கட்டி, பால்குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். குடத்தோடு கிளம்புமுன் என்னைப் பார்த்தார். நான் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சல் தெர்மாமீட்டர வெச்சுப் பீர் செய்யிறவன் குடிச்சுக் கெட்டுப்போவ வழியே இல்ல. ஆவணியில தேதி வெச்சுக்குவோம்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் குழாய் வைத்த எந்தப் பாத்திரத்தையும் மல்லிகா என்னைத் தொட விடுவதில்லை. ஒவ்வொரு திஞ்சானுக்கும் நான் பிடரியில் தண்ணீர் வார்த்ததும் மாமனார் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி முகர்ந்து பார்ப்பார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

"ம்ஹூம்," என்பார். "மாப்பிள்ளைக்கு இந்த வருஷமும் புளிக்கல."