சுடுதண்ணி பாய் வீட்டுச் சூரியன்

சூரியனையே அதட்டி வேலை வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் வீட்டு மாடியில் நான் நாலு வருஷம் குடியிருந்தேன். மற்றவர்கள் சூரியனைக் கும்பிடுவார்கள், இல்லாவிட்டால் 'இன்னா வெயிலு, இன்னா வெயிலு' என்று திட்டுவார்கள். செஞ்சி சுடுதண்ணி பாய் மட்டும்தான் சாயங்காலம் மொட்டைமாடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கப் பார்க்கிற சூரியனைப் பார்த்து, "அதுக்குள்ள எங்க கெளம்பிட்ட? இங்க டிரம்மு இன்னும் சுடல!" என்று சத்தம் போடுவார்.

அது எண்பதுகளின் நடுவில். நான் தாலுகா ஆபீஸில் கிளார்க். பாய்க்கு பஜாரில் தகரக்கடை. டிரங்குப் பெட்டி, புனல், மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் செய்வார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, நடுக்குழாயில் விறகு போட்டு எரிக்கிற வெந்நீர் பாய்லர்தான். செஞ்சியில் பாதி வீட்டுக் கொல்லையில் அவர் தட்டிய பாய்லர் புகைந்துகொண்டிருக்கும். அவர் வீட்டு மாடியில் ரெண்டு ரூம். அதில் கல்யாணமாகாத ஆறு தடியன்கள். நான், பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர், ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர், அப்புறம் ஆளுக்கொரு ஆபீஸில் இருந்த மூன்று பேர்.

பாயின் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். விடியற்காலையில் அந்தம்மா கொல்லையில் பாய்லர் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்தால், ஆறு பேரும் குளித்து முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு ரெண்டு பக்கெட். அதுவும் போதாமல், "பாயம்மா, இன்னும் ஒரு சொம்பு!" என்று மாடியிலிருந்து குரல் வேறு. அந்த நெருப்புக்குப் பின்னால் ஒரு நெஞ்சு இருக்கிறது என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வெட்கக்கேடுதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வருஷம் பாயம்மாவுக்கு இழுப்பு அதிகமாகி, திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே டாக்டர், "இனிமே புகை பக்கமே போகக்கூடாது. போனால் இந்த நெஞ்சு தாங்காது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பாய் சமையலை ஸ்டவ்வுக்கு மாற்றினார். ரேஷனில் கொடுத்த கிருஷ்ணாயில் சோறு வடிக்கவே சரியாக இருந்தது. நாங்கள், "பச்சைத்தண்ணியில குளிக்கிறோம்" என்றோம். பாயம்மா கேட்டால்தானே?

"பெத்தவங்கள வுட்டுட்டு வந்த புள்ளைங்க. ஜொரம் கிரம் வந்தா யாரு பாக்கறது?" என்று இருமிக்கொண்டே விறகை எடுத்தார்கள். பாயே பாய்லரை எரித்துப் பார்த்தார். புகை நேரே அந்தம்மா படுத்திருந்த அறைக்குள் போனது.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானத் தொழுகைக்குக் கிளம்பிய பாய், கை கால் முகம் கழுவி ஒளூ செய்ய மாடிக் குழாயைத் திறந்தார். சித்திரை வெயிலில் கிடந்த இரும்புக் குழாய். "யா அல்லா!" என்று கையை உதறினார். ஊரில் எல்லாருக்கும் இப்படி ஒரு குழாய் சுட்டிருக்கிறது. எல்லாரும் கையை உதறிவிட்டுப் போயிருக்கிறோம். பாய் மட்டும் அங்கேயே நின்று, குழாயை மேலும் கீழுமாகப் பார்த்து, "அட முட்டாப்பயலே!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பத்து நாளில் மாடியில் ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. தகரப் பெட்டிக்குள் வளைத்து வளைத்துப் போட்ட கறுப்புக் குழாய், அதற்குமேல் கண்ணாடி, அதற்கும்மேல் உயரமாக ஒரு டிரம். கண்ணாடி, டைம்கீப்பர் ஒரு உடைசல் பஸ்ஸிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. அதனால் எங்கள் சூரிய அடுப்பின் மேல் 'அவசர வழி' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

"சூடான தண்ணி மேல ஏறும், பச்சத்தண்ணி கீழ எறங்கும். மோட்டார் வாணாம், கரண்டு வாணாம், ஊத வாணாம்," என்றார் பாய். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கீழே கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர் கொதித்தது! ஒரே ஒரு சங்கடம். கொதித்தது மத்தியானம் மூன்று மணிக்கு. விடிவதற்குள் டிரம் ஆறி, பச்சைத்தண்ணீராகிவிடும்.

பாய்க்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. "மூணு மணிக்குக் குளிங்க."

"பாய், ஆபீஸ் இருக்குது."

"ஆபீஸ் எங்கியும் போவாது. வெயிலு போயிடும்."

டீ குடிக்கிற நேரத்தில் ஓடிவந்து ரெண்டு பக்கெட் ஊற்றிக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட ஆபீஸுக்கு ஓடினேன். தாசில்தார் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"அடடா, யாருய்யா?"

"என்ன சார்?"

"இந்நேரத்துல தலைக்குக் குளிச்சிட்டு வர்றியே, யாரு தவறிட்டாங்க?"

சூரியன், குழாய், பாய் என்று ஆரம்பித்தால் பொழுது போய்விடும். "தூரத்து உறவு சார்" என்று சொல்லிவைத்தேன். மறுநாளும் தலை ஈரம். மறுநாளும் துக்கம் விசாரித்தார். நாலாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கையை வைத்து, "மனசைத் தேத்திக்கோ. உங்க வீட்ல இன்னும் யாருய்யா மிச்சம்?" என்றார். அன்றோடு மூன்று மணிக் குளியலுக்கு முழுக்குப் போட்டேன். டிராயிங் மாஸ்டர் கதை இன்னும் மோசம். கிளாஸ் பையன்கள் அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காத்தார்களாம்.

ஆறு பேரும் விடியற்காலைப் பச்சைத்தண்ணீருக்கு மாறினோம். ரெண்டாம் நாள் காலையில் நான் குளிக்கப் போனால், வாசலில் ஒரு பக்கெட் வெந்நீர் ஆவி பறக்க நிற்கிறது. யார் வைத்தது என்று தெரியாதா என்ன? தெரிந்துகொண்டேதான் ஊற்றிக்கொண்டேன். சுகமாகத்தான் இருந்தது. மூன்று நாள் இப்படி ஓடியது. நாலாம் நாள் பள்ளிவாசலிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்ட பாய், கொல்லையில் புகையைப் பார்த்துவிட்டார்.

ஊதுகுழலைப் பிடுங்கிச் சுத்தியலால் ஒரே அடி. சப்பட்டையாகிவிட்டது. பாயம்மா பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாய் மாடிக்கு வந்தார். நான் துண்டோடு நின்றேன்.

"இன்னா தம்பி, சுடுதண்ணி நல்லா இருந்துச்சா? அவ மூச்ச ஊதித்தான் நீ குளிக்கற. தெரியுமா உனுக்கு?"

பாயின் அதட்டலை அதுவரைக்கும் நூறு தடவை வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் குரல் உடைந்து பார்த்தேன்.

அன்று சாயங்காலமே டிரம்முக்கு வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. ராத்திரி சூடு போகாமல் இருக்க வேண்டும். முதலில் பாய் தன் சொந்த மெத்தையைச் சுற்றினார். போதவில்லை. அடுத்து டைம்கீப்பர் மெத்தை. அப்புறம் என்னுடையது. ஒரு வாரத்தில் ஆறு பேரும் வெறுந்தரையில் படுத்தோம், டிரம் மட்டும் இலவம்பஞ்சில் சொகுசாகப் படுத்திருந்தது. டிராயிங் மாஸ்டர் தன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இது எங்கம்மா தைச்சுக் கொடுத்தது பாய்" என்று கெஞ்சினார். "உங்கம்மா தெச்சதா? அப்ப நல்லா சூடு நிக்கும்," என்று அதையும் வாங்கிக்கொண்டு போனார். அப்படியும் விடியற்காலையில் தண்ணீர் வெதுவெதுப்போடு சரி.

வழி காட்டியது சர்பத் கடை. அங்கே ஐஸ் பாளத்தை உமிக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். பாய் அன்னாசி சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த உமியையே அரைமணி நேரம் பார்த்தாராம். மறுநாள் ரைஸ் மில்லிலிருந்து மாட்டுவண்டி நிறைய உமி வந்து இறங்கியது.

ஊரே சிரித்தது. "உமின்னா குளிர்ச்சி. ஐஸயே சில்லுன்னு வெக்கிற பொருளு. அதுல போயி சுடுதண்ணிய வெப்பானா ஒரு மனுசன்?" என்று டீக்கடையில் இரண்டு நாள் இதே பேச்சு. நானாவது சும்மா இருந்தேனா? பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவன். பாயை உட்காரவைத்து, "விடியறதுக்குள்ள டிரம்முல ஐஸ் கட்டிடும் பாய்" என்று எடுத்துச் சொன்னேன்.

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உமிக்கு சூடும் தெரியாது, குளுரும் தெரியாது தம்பி. உள்ள இருக்கறத வெளிய வுடாது, வெளிய இருக்கறத உள்ள வுடாது. உங்க ஆபீஸ் வாசல்ல ஒரு பியூன் இருக்கானே, அவன மாதிரி."

மரப்பெட்டி அடித்து, நடுவில் டிரம்மை வைத்து, சுற்றிலும் உமியைத் திணித்து மூடினார். மறுநாள் விடியற்காலை குழாயைத் திறந்த டைம்கீப்பர், பஸ் ஸ்டாண்டு மைக்கில் அறிவிக்கிற குரலில் "சுடுதுடோய்!" என்று கத்தியதில் பக்கத்துத் தெரு விழித்துக்கொண்டது. எங்கள் மெத்தைகள் திரும்பி வந்தன. பாய்லர் வாங்க வந்தவர்களை எல்லாம் பாய் மாடிக்கு இழுத்துவந்து டிரம்மில் விரலை வைக்கச் சொன்னார். "உன் பொண்டாட்டி நெஞ்சு நல்லா இருக்கணுமா வாணாமா? அப்ப பாய்லரு கேக்காத" என்று தன் கடை வியாபாரத்துக்கே உலை வைத்தார். பாயம்மா இருமல் இல்லாமல் ஒரு முழுப் பேச்சு பேசியதை நாங்கள் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டோம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் டிரம்மில் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. ரெண்டாம் நாள் விடிகாலை டிராயிங் மாஸ்டர் முதலில் உள்ளே போனார். நாங்கள் ஐந்து பேரும் துண்டும் கையுமாக வெளியே நின்றோம். பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். பாயம்மா கொல்லைக் கொட்டகையில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் நெருப்புப்பெட்டி.

"தம்பீ, தண்ணி சுடுதா? மானம் மூடிக்கினு இருக்குதே?"

உள்ளே முதல் சொம்பு விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று மாஸ்டர் அலறினார். பாயம்மா சுள்ளியோடு எழுந்தேவிட்டார்கள். ஒரு விநாடி. பிறகு உள்ளேயிருந்து அதே அலறல் தொடர்ந்தது: "சுடுது பாயம்மா, சுடுது! கொஞ்சம் பச்சைத்தண்ணி விளாவிக்கணும் போல இருக்குது!"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அடுத்து டைம்கீப்பர் போனார். "ஆவி பறக்குது பாயம்மா!" அடுத்தவன், "தோலு உரியுது!" கடைசியில் நான். ஐஸ் பாளத்தைக் கரைத்துத் தலையில் ஊற்றின மாதிரி இருந்தது.

"கொ... கொ... கொதிக்குது பாயம்மா!"

"பல்லு ஏன் தம்பி அப்டி அடிக்குது?"

"சூடு தாங்கல பாயம்மா!"

வெளியே வந்தால் பாய் நிற்கிறார். தொழுகை முடிந்து அப்போதுதான் வந்தவர். பக்கெட்டில் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமல் எங்கள் ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்தார். உதடு நீலம் பாரித்து, கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றோம்.

"இன்னாங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நெசமா சுடுதா? இல்ல, நான் ரெண்டு வெறகு வெக்கட்டுமா?"

கடையில் தகரத்தின் கனத்தைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர். பச்சைத்தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே கத்தினார்.

"கைய வெக்க முடியல, அவ்ளோ சூடு! நெருப்புப்பொட்டிய மாடத்துல வெச்சிட்டு நீ உள்ள போயி படு!"

கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றார். எங்களை ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, மாஸ்டரைப் பக்கத்தில் இழுத்து, சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவது போல அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். மாஸ்டருக்கு அப்புறம் டைம்கீப்பர். ஒவ்வொருத்தராக நகர்ந்தோம். என் துண்டு என் கையிலேயே இருந்தது. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டு, என் முறை வரட்டும் என்று நின்றேன்.