குளிர்பெட்டி மலையேறிய விதம் பற்றி மச்சானுக்கு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் இடுப்பு நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் உங்கள் வீட்டம்மாவின் கோபமும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏறிவிட்டது! ஜீப் ஏறிவிட்டது, குளிர்பெட்டி ஏறிவிட்டது, உங்கள் தங்கையும் என்னைத் திட்டிக்கொண்டே கூட ஏறிவிட்டாள். போன மாதம் போனில் என்ன சொன்னீர்கள்? "மாப்ளே, பல் செட்டு கட்டுறவருக்கு எதுக்கு ஜீப்பு? அந்தக் கல்லு மேட்டுல கழுதையே யோசிச்சுத்தான் ஏறும். பேசாம பொண்ணை வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க." ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். நம் பெண் டாக்டராக இருக்கிற அந்த மலை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். புதுப் பெட்டி கொண்டுவந்த லாரிக்காரர் மலைப்பாதையில் குறுக்கிடும் ஓடைப் பாறைகளைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பி, பெட்டியை நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுப் போய்விட்டார். மாதக் கடைசிக்குள் பெட்டி மேலே போகாவிட்டால் ஆஸ்பத்திரியையே மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது. போனில் இதைச் சொன்னபோது பெண் அழவில்லை. "பாத்துக்கலாம்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெற்றவனுக்குத் தெரியாதா மச்சான்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் வெறும் ஜீப்பை ஓட்டிப் பார்த்தேன். ஓடையில் முன்சக்கரம் ஒன்று பாறைமேல் ஏறியதுதான் தாமதம், இன்னொன்று தரையை விட்டு மேலே எழும்பி அந்தரத்தில் சும்மா சுற்றுகிறது. வண்டி ஒருக்களித்து நிற்கிறது. உங்கள் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு உங்கள் வம்சத்துத் தெய்வங்களை எல்லாம் கூப்பிடுகிறாள். வண்டியைப் பின்னோக்கியே இறக்கிக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்வே பாரைக் கழட்டாம யாராவது பாறை ஏறுவாங்களா சார்?" என்றார். மச்சான், உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துக் கட்டியிருக்கும் ஒரு கம்பி அது. ரோட்டு வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அதுதான். ஆனால் பாறையில் ஒரு சக்கரம் மேலே போனால் அடுத்ததையும் மேலே இழுத்துவிடும். அதற்காக நடுவில் கழற்றி மாட்டுகிற இணைப்பு ஒன்று விற்கிறார்கள். மேலே போகும்போது கழற்று, ரோட்டுக்கு வந்ததும் மாட்டு, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? கடையில் போய் நின்றால், பொத்தானை அமுக்கினால் தானே கழன்றுகொள்வது ஒரு ரகம், கையால் ஆணியை உருவிக் கழற்றுவது ஒரு ரகம். எனக்குப் பொத்தான்மேல்தான் ஆசை. உங்கள் தங்கை விடவில்லை. "வீட்டு அழைப்புமணி பொத்தானே மழை பெய்ஞ்சா வேலை செய்யல. ஓடைத் தண்ணிக்குள்ள இது செய்யுமா? கையில கழட்டுறதையே வாங்குங்க." சரி, வாங்கலாம் என்றால் அளவு கேட்கிறார் கடைக்காரர். வண்டி அடி பாறையில் தட்டக் கூடாதென்று நான்தான் ஏற்கெனவே ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டேனே, கம்பெனி அளவு சேராது. இங்கேதான் என் தொழில் கை கொடுத்தது. வீட்டுக்கு வந்து, பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து, ஜீப்புக்கு அடியில் படுத்து, கம்பி மாட்டும் இடத்தை அப்படியே அச்சு எடுத்து, சாந்தில் வார்த்து, காயவைத்து, துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது யாரோட கடவாப்பல்லு?" என்றார். சிரிக்கட்டும். துளைக்குத் துளை பொருந்திய சாமானைக் கொடுத்தாரா இல்லையா?

சோதனை ஓட்டத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. உங்கள் தங்கை எப்படியும் சொல்லிவிடுவாள் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன். கழற்றிய இணைப்பை மேலே தூக்கிக் கட்டாமல் தொங்கவிட்டதால் அது சக்கரத்தில் இடித்து, தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கொடிக்கயிற்றால் கட்டினேன். அடுத்த நாள், திரும்பி வரும்போது மாட்ட மறந்து அப்படியே ரோட்டில் வந்துவிட்டேன். சந்தை வளைவில் திரும்பியதும் வண்டி குடிகாரன் மாதிரி சாய, உங்கள் தங்கை மடியில் இருந்த தக்காளி எல்லாம் என் சட்டையில். "இனிமே மாட்டுறதை நான் பாத்துக்கறேன், ஓட்டுறதை மட்டும் நீங்க பாருங்க" என்றாள். அதிலிருந்து ஆணிகள் அவள் பொறுப்பு.

போன புதன்கிழமைதான் அந்த நாள். குளிர்பெட்டியை நிற்க வைத்து நாலு பக்கமும் கயிறு கட்டினோம். ஓடைக்கரைச் சரிவிலேயே வண்டியை நிறுத்தி ஆணியை உருவப் பார்த்தால், சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. "சரிவுல நின்னா கம்பி முறுக்கிக்கிட்டு இருக்கும், எப்படிங்க வரும்? சமமான இடத்துல நிறுத்துங்க" என்றாள் உங்கள் தங்கை. நிறுத்தினேன். வெண்ணெயிலிருந்து முடியை எடுப்பது போல் வந்தது. பிறகு மெதுவாக, லோ கியரில், முதல் பாறை. இடது சக்கரம் மேலே போகிறது, வலது சக்கரம் கீழே பள்ளத்துக்குள் கால் நீட்டி இறங்குகிறது, நாலும் தரையில்! பெட்டி லேசாக ஆடியதோடு சரி. போன தடவை தெய்வங்களைக் கூப்பிட்டவள் இந்தத் தடவை, "ஆமா, ஆமா, அப்படித்தான், விடாதீங்க!" என்று கத்துகிறாள். கடைசி ஏற்றத்தில் என்ஜின் இருமியபோது என் உயிரும் சேர்ந்து இருமியது. ஆனால் நிற்கவில்லை மச்சான், ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நம் பெண் ஊசியும் கையுமாக ஓடிவந்து, பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போனில் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நானும்தான். சொல்ல என்ன வெட்கம்?

இறங்கி வந்து மாட்டும்போது மட்டும் துளையும் துளையும் ஒரு விரல் அளவு விலகி நின்றன. வண்டியின் ஒரு மூலையை அழுத்தினால் சேரும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நான் ஏறினேன், போதவில்லை. வழியில் போன ஆட்டு வியாபாரி ஏறினார், போதவில்லை. "எங்கண்ணன் இருந்திருந்தா ஒரே அமுக்குல சேர்ந்திருக்கும்" என்று உங்கள் தங்கை பெருமூச்சு விட்டாள். கடைசியில் ஓர் ஆட்டையும் ஏற்றி வேலையை முடித்தோம்.

ஆகவே மச்சான், கழுதை யோசிக்கிற இடத்தில் பல் செட்டுக்காரன் யோசிக்காமல் ஏறினான் என்று உங்கள் வட்டாரத்தில் பத்துப் பேர் காதில் போட்டுவையுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், உங்களுக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
மலையேறிய மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சங்கதி. வெற்றிக் களிப்பில், பெட்டியோடு ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பித் தொலைத்திருந்தேன். இன்று பதில் வந்துவிட்டது: இவ்வளவு நன்றாக வண்டி போய்வரும் ஊருக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு, நோயாளிகள் கீழே வந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று மூடச் சொல்கிறார்களாம். நேரில் பார்த்து முடிவு செய்ய வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். அவரை மேலே அழைத்துப்போகும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் தங்கை ஆணிகளை எல்லாம் இறுக்கமாக மாட்டிவிட்டாள். இந்தத் தடவை நாங்கள் எதையும் கழற்றப்போவதில்லை. வண்டி ஏறாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.