நூற்றுக்கு மூன்று

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ராஜ்யம். மாசிலாமணி மகாராஜா ஆண்டார். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் வைப்பார், ஜெயிப்பார். ஓட்டுப் பெட்டி மட்டும் தண்ணீர் மாதிரித் தெளிவு. தடித்த பாலியஸ்டர் பிளாஸ்டிக்கில் வார்த்தது. உள்ளே விழுகிற சீட்டை ஊரே பார்க்கலாம்.

வார்த்தவள் குருவம்மா. அரசாங்கப் பட்டறையில் இருபது வருஷம். உலையில் பாலியஸ்டர் காய்ச்சும்போதே நூறு பங்குக்கு மூன்று பங்கு வேறு சரக்கு சேர்ப்பாள். அது கலந்தால்தான் தடித்த பெட்டி ஆறும்போது வெளுக்காது, அடித்தால் உடையாது.

ஒருநாள் மகாராஜாவுக்குத் தூய்மை ஞாபகம் வந்தது. குடிகளில் நூற்றுக்கு மூன்று பேர் மலையிலிருந்து வந்தவர்களாம். முதல் உத்தரவில் மலைக்கார மருத்துவச்சிகள் வீட்டில் உட்கார்ந்தார்கள்; பிரசவத்துக்கு ஆள் இல்லை. அடுத்ததில் மலைக்காரர் வெட்டிய கிணறுகளை மூடினார்கள். ஊர் குட்டைத் தண்ணீர் குடித்தது. இந்தத் தேர்தலில் ஜெயித்தால் மலைக்காரர் மொத்தமும் எல்லை தாண்ட வேண்டும் என்றார் மகாராஜா. குருவம்மாவின் தாய் மலைக்காரி. அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பட்டறைக்குத் தூய்மை அமைச்சர் வந்தார்.

"பெட்டியிலும் கலப்படமாமே?"

"அந்த மூணு பங்கு இல்லாட்டி பெட்டி வெளுத்துப்போகும் சாமி. தட்டினா தெறிச்சிரும்."

"கலப்படத்துக்கு வக்காலத்தா? தனிச் சரக்கில் வார். பழைய பெட்டிகளை உடைத்துப் போடு."

உடைத்துப் பார்த்தார்கள். இரண்டு சுத்தியல் பிடிதான் உடைந்தது. பெட்டிகளைப் பட்டறைக்குப் பின்னால் குவித்துவிட்டார்கள்.

புதுப் பெட்டி பால் மாதிரி வெளுத்து வந்தது. இன்றோடு வேலை போச்சு என்று நின்றாள் குருவம்மா. அமைச்சர் பெட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! தூய்மையின் நிறம்! மூன்று நாள் அரண்மனையில் பூஜைக்கு இருக்கட்டும்."

வாக்குப்பதிவு அன்று காலை, வரிசையில் முதல் ஆள் குருவம்மா. பெட்டியை மேசையில் வைத்து அமைச்சர் முழங்கினார்.

"குடிகளே! மகாராஜாவின் ஆட்சியைப் போல உறுதியானது இது!"

சொல்லி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெட்டி அப்பளமாக நொறுங்கியது. உள்ளேயிருந்து சீட்டுகள் கொட்டின, நூறு, ஆயிரம். எல்லாவற்றிலும் மகாராஜாவின் கிரீடச் சின்னத்தில் முத்திரை.

"இன்னும் ஒருத்தரும் ஓட்டே போடலியே சாமி!" என்றாள் குருவம்மா.

"இது... குடிகளின் முன்கூட்டிய அன்பு..."

"அன்பை இப்ப நாங்க காட்டுறோம்யா, இருங்க!" என்றான் பின்னால் நின்ற மீன்காரன்.

ஊர் சிரித்த சிரிப்பில் காவலாளிகளும் சிரித்துவிட்டார்கள். பட்டறைக்கு ஓடிப் பழைய பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். அன்று விழுந்த ஒவ்வொரு சீட்டையும் ஊர் கண்ணால் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் மகாராஜா குடும்பத்தோடு எல்லை தாண்டினார். கிணறுகள் திறந்தன. மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கப் போனார்கள்.

மகாராஜாவை எதிர்த்து நின்று ஜெயித்த புதுத் தலைவர் மாலையும் கையுமாகப் பட்டறைக்கு வந்தார். குருவம்மா கழுத்தில் போட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அந்த வெள்ளைப் பெட்டியும் பார்க்க லட்சணமாத்தானே இருந்துச்சு?"

குருவம்மா தெளிந்த பெட்டி ஒன்றை அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள். சுத்தியலை ஓங்கி அடித்தாள். பெட்டி அசையவில்லை. அதன் வழியாகவே அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க மூஞ்சி நல்லாத் தெரியுது, தலைவரே."