எல்லோருக்கும் அல்ட்ரா

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது. அதில் பாதி ஏற்கெனவே லாரியில் போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு முயல் வளை தோண்டி, ஐந்து குட்டிகளோடு குடியிருந்தது.

போன பாதியைக் கொண்டுபோனது கரடி. அந்தக் கல் குவாரிக்கு அதுதான் முதலாளி. குவாரியில் வெடி வெடிக்கும்போதெல்லாம் முயல் வளையின் கூரையிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்து குட்டிகளின் தலையில் விழும். முயல் மண்ணைத் தட்டிவிட்டுக் காட்டு விலங்குகளின் சங்கத்துக்கு ஓடும்.

சங்கத்துக்குத் தலைவர் கழுதை. பல போராட்டங்கள் கண்ட கழுதை. அடி வாங்காத இடம் அதன் உடம்பில் தொண்டை ஒன்றுதான்.

"தோழர் முயலே, கோரிக்கைன்னா ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு வச்சா ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணை முழுங்கிடுவாங்க" என்றது கழுதை.

அப்படியே ஒரே கோரிக்கை வைத்தார்கள். குவாரியை மூடு. யானை, மான்கள், குரங்கு, ஆந்தை, பாம்பு எல்லாம் வந்து குவாரிப் பாதையில் உட்கார்ந்தன. லாரிகள் நின்றன. கரடிக்கு வியர்த்தது.

அப்போது நரி வந்தது. சிங்கராஜாவின் அரசாங்கத்தில் நரி அதிகாரி. கரடியின் குவாரியில் ஆலோசகர். இரண்டுக்கும் ஒரே பையைத்தான் தூக்கிக்கொண்டு அலையும்.

"உங்க கஷ்டம் ராஜாவுக்கு நல்லாப் புரியுது. சத்தம்தானே பிரச்சினை?"

"மண்ணு விழுதுங்க" என்றது முயல்.

"சத்தம் வரும்போதுதானேம்மா விழுது?"

முயல் யோசித்து முடிப்பதற்குள் நரி கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தியது. "விலையில்லா ஹெட்போன் திட்டத்தை ராஜா அறிவிச்சிருக்கார். ஆளுக்கு ஒண்ணு. அத்தனையும் குயில் கம்பெனி சரக்கு!"

குயில் கம்பெனியில் குயில் எதுவும் கிடையாது. ஒரு குயில் வேலை கேட்டுப் போனதாகவும், குரல் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் காட்டில் பேச்சு.

கழுதை எழுந்து நின்றது. "சலுகையைக் காட்டி எங்களை வாங்க முடியாது!"

"முடியாது! முடியாது!" என்றது கூட்டம்.

"வாங்க வேண்டாம் தலைவரே, சும்மா பாருங்க" என்று நரி பையைத் திறந்தது. "ஒண்ணே ஒண்ணு. எந்த மாடல் வேணும்னு நீங்களேதான் தேர்ந்தெடுக்கணும். எடுத்தா மாத்தித் தர மாட்டோம்."

போராட்டம் அந்த இடத்தில்தான் முடிந்தது. முடிந்தது யாருக்கும் தெரியவில்லை.

நரி சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. குயில் 300. குயில் 300 எஸ். குயில் 300 எஸ் பிளஸ். குயில் லைட். குயில் லைட் புரோ. குயில் நியோ. கடைசியில், இரண்டு கையாலும் ஏந்தி, குயில் அல்ட்ரா.

"300-க்கும் 300 எஸ்-க்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று யானை கேட்டது.

"எஸ்ஸுங்கண்ணே."

"அது தெரியுது. அதுல என்ன இருக்கு?"

"300-ல இல்லாதது இருக்குங்க."

யானை விஷயம் விளங்கியதுபோல் தலையாட்டியது.

"எனக்குக் காதே கிடையாதே" என்று பாம்பு தயங்கியது.

"உங்களை நினைச்சுத்தான் லைட் புரோ பண்ணியிருக்காங்க. இது கழுத்துல போடறது. உங்களுக்குத் தலையிலேருந்து வால் வரைக்கும் கழுத்துதானே!"

தன்னைப் புரிந்துகொள்ளவும் ஒருவர் இருக்கிறார் என்று பாம்புக்குக் கண் கலங்கியது.

"என் காது இத்தனை நீளம். இதுக்குள்ள எப்படிப் போகும்?" என்று முயல் கேட்டது.

"மடிச்சுக்கணும்மா. கம்பெனி உனக்காக மாறுமா?" என்ற நரி அல்ட்ராவைத் தூக்கிக் காட்டியது. "இதுல ஒரு விசேஷம் இருக்கு. இந்தப் பட்டனைத் தொட்டா, வெளியில என்ன நடக்குதோ அது அப்படியே உங்க காதுக்குக் கேக்கும்."

"ஹெட்போன் போடலைன்னாலும் கேக்குமே?" என்றது முயல்.

"கேக்கும்மா. ஆனா சாதாரணமாக் கேக்கும்."

கூட்டம் முயலைப் பரிதாபமாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு குவாரிப் பாதையில் கோஷம் கேட்கவில்லை. ஒப்பீடுதான் கேட்டது. குரங்கு மரத்தில் ஏறிக் கிளையைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம் நண்பர்களே! இன்னிக்கு நியோவையும் 300 எஸ் பிளஸ்ஸையும் மோத விட்டுப் பாக்கப் போறோம்" என்று ஆரம்பித்தது. மோத விட்டதில் நியோவின் ஒரு பக்கம் உடைந்தது. "உறுதி கம்மி, நண்பர்களே" என்று தீர்ப்புச் சொன்னது.

"லைட் புரோல பேட்டரி முப்பது மணி நேரம் நிக்குமாம்" என்றது ஆந்தை.

"நீ முப்பது மணி நேரம் முழிச்சிருப்பியா?" என்று குரங்கு கேட்டது.

"இனிமே முழிக்கலாம்னு இருக்கேன்."

மான்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு கூட்டத்துக்கு நியோவின் 'தும் தும்' பேஸ் பிடித்தது. இன்னொரு கூட்டம், 300 எஸ் காதை உறுத்தாது என்றது. நியோக்காரர்களை எஸ்காரர்கள் துரோகிகள் என்றார்கள். எஸ்காரர்களை நியோக்காரர்கள் கரடியின் கைக்கூலிகள் என்றார்கள். குயில் லைட்டைப் பிடித்த ஒரு கிழட்டு மான் தனிக்கட்சி ஆரம்பித்து, அதற்குத் தானே பொதுச்செயலாளர் ஆனது. கழுதை ஒப்பீட்டுக் குழு அமைத்தது. குழு கூடிப் பேசி, குழு குழுவாக உடைந்தது.

நின்றிருந்த லாரிகளில் முதல் லாரியின் டிரைவர் ஓநாய். அது ஹாரன் அடித்து, "கொஞ்சம் தள்ளி உக்காந்து பேசுங்கப்பா" என்றது. ஹாரன் சத்தம் விவாதத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் எல்லாம் நகர்ந்து ஓரமாக உட்கார்ந்தன. லாரிகள் வரிசையாகப் போயின.

"தலைவரே, லாரி போகுது!" என்று முயல் அலறியது.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தோழர். முதல்ல நமக்குள்ள ஒற்றுமை வரணும். எல்லாரும் ஒரே மாடல் எடுத்தாத்தான் ஒற்றுமை வரும். அதுவும் இருக்கறதுலயே ஒசத்தியா எடுக்கணும். அதனால எல்லோருக்கும் அல்ட்ரா!"

"குவாரி என்ன ஆச்சு?"

"கோரிக்கை ஒண்ணுதான் இருக்கணும்னு ஆரம்பத்துலயே சொன்னேனா இல்லையா?"

கோரிக்கை மாறியதும் பிளவு மறைந்தது. "எல்லோருக்கும் அல்ட்ரா!" என்று காடே அதிர்ந்தது. அல்ட்ரா எல்லோருக்கும் தர முடியாது, கஜானா தாங்காது என்று நரி அழாத குறையாகச் சொன்னது. கழுதை காலவரையற்ற உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கோரிக்கை ஏற்கப்பட்டது. நரியே வந்து பழச்சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தது. கழுதைக்கு மாலை விழுந்தது. தாங்கள் வென்ற முதல் போராட்டம் என்று மான்கள் துள்ளின.

அடுத்த வாரம் காட்டுச் சபை கூடியது. எதிர்ப்பு இருந்தால் ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்பது அந்தச் சபையின் விதி. வழிமொழிய ஆளில்லாத எதிர்ப்பு இருமலாகக் கருதப்படும். அந்த விதியையும் ஒரு காலத்தில் கழுதைதான் போராடி வாங்கியிருந்தது.

நரி எழுந்தது. "கரடியாரின் குவாரியை மீதி மலைக்கும் விரிவாக்க அனுமதி அளிப்பதாகத் தீர்மானம். எதிர்ப்பு உண்டா?"

எல்லோர் தலையிலும் அல்ட்ரா. யானையின் தலையில் அது நிற்கவில்லை, தும்பிக்கையால் பிடித்துக்கொண்டிருந்தது. மான்கள் ஒவ்வொன்றும் தன் தன் பாட்டுக்குத் தலையாட்டின. நரி அதையெல்லாம் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

முயல் மட்டும் வெறுங்காதோடு இருந்தது. "நான் எதிர்க்கிறேன்! அங்கதான் என் குட்டிங்க இருக்கு!"

"எதிர்ப்பு பதிவாயிற்று. வழிமொழிபவர்?"

முயல் ஓடிப்போய்க் கழுதையின் மேல் தாவி, ஒரு காதிலிருந்து ஹெட்போனை இழுத்தது. "தலைவரே, வழிமொழியுங்க! மலை போகுது!"

"பிடுங்காதே தோழர்! அதான் வெளியில கேக்கற பட்டன் இதுலயே இருக்கே. பொறு, போடறேன்."

கழுதை ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு பட்டனைக் குளம்பால் தொட்டது. பாட்டின் சத்தம் கூடியது. மறுபடி தொட்டது. பாட்டு மாறியது. விரலால் தொட வேண்டிய பட்டன் அது.

"கழட்டிட்டுக் கேளுங்க தலைவரே!" என்று முயல் அதன் முகத்துக்கு நேராகக் கத்தியது.

உதட்டசைவைப் பார்த்தே கழுதைக்குப் புரிந்துவிட்டது. "கழட்டறதா? போராடி வாங்கினதும்மா இது!"

நரி கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தது. பிறகு, "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்றது. முன்வரிசை கைதட்டியதைப் பார்த்துப் பின்வரிசையும் கைதட்டியது.

மறுநாள் மலைக்கு வெடி வைத்தார்கள். அதற்குள் முயல் குட்டிகளை வாயில் கவ்வி ஒவ்வொன்றாக இறக்கிவிட்டது. போக இடமில்லாமல் நரியின் அலுவலகத்துக்குப் போய் நின்றது.

"அடடே, நீ இன்னும் உன் ஹெட்போனையே வாங்கிக்கலையே!" என்றது நரி. "அல்ட்ரா எடுத்துத் தரட்டுமா?"

"எல்லா மாடலையும் டப்பாவோட காட்டுங்க. பாத்துத்தான் எடுப்பேன்."

நரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. முயல் டப்பாக்களைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தது. லைட் டப்பாவில் ஒரு குட்டிகூட உட்கார முடியாது. நியோவின் அட்டை ஒரு தூறலுக்கே ஊறிவிடும். அல்ட்ராவின் டப்பா வெகு அழகு. ஆனால் மூடியில் காந்தம், தானாகவே அழுத்தி மூடிக்கொள்ளும், உள்ளே மூச்சு முட்டும். 300 எஸ் பிளஸ்ஸுக்குக் கெட்டி அட்டை, அடியில் பஞ்சு, பக்கத்தில் காற்றுக்கு ஒரு வட்ட ஓட்டை.

"இது" என்றது முயல்.

"பிரமாதமான தேர்வும்மா. இதோட ஒலித்தரம் இருக்கே..."

முயல் ஹெட்போனை எடுத்து நரியின் மேசையில் வைத்துவிட்டு, டப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே போனது. ஐந்து குட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே படுத்தன. தாய்க்கு இடமில்லை. அது ஓட்டைக்கு எதிரே வெளியில் படுத்துக்கொண்டது.

மரத்திலிருந்த குரங்கு எட்டிப் பார்த்து, ஒரு பக்கக் காதைத் திறந்தது. "என்ன மாடல் எடுத்தேக்கா?"

"300 எஸ் பிளஸ்."

"அய்யோ! எல்லாருக்கும் அல்ட்ராவே குடுத்தாங்களே! இப்படி ஏமாந்துட்டு வந்து நிக்கிறியே!"

நீதி: ஒரே கம்பெனியின் ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியைப் பார்க்காதீர்கள், பேட்டரியைப் பார்க்காதீர்கள், டப்பாவைப் பாருங்கள். பிள்ளைகள் குடியிருக்கப்போவது அதில்தான்.