டயர் பாவாவும் ஒரு பிடி கோலமாவும்

ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம், அவன் சைக்கிளின் பின் டயர் ஒன்று போதும் என்று நம்பியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருத்தணியில், ரயிலடிக்குப் போகிற ரோட்டில், சைக்கிள் கடை வைத்திருந்தார். பெயர் டயர் பாவா. சொந்தப் பெயர் என்று ஏதோ ஒன்று இருந்திருக்கும், ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். கடைக்கு வருகிற எல்லோரையும் அவர் தெலுங்கு வழக்கத்தில், மச்சான் என்கிற மாதிரி, பாவா என்று கூப்பிட்டார். ஊர் அதை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

என்னை மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன், அதனால் அவருக்கு நான் 'லேபு'. ஊருக்கெல்லாம் சர்க்கரை அளவு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கே ஒருநாள் சர்க்கரை வந்தது. கையைக் காலை அசையுங்கள் என்றார் டாக்டர். நடப்பதற்குச் சோம்பல். கியர் வைத்த மலை சைக்கிள் ஒன்றைப் பழசில் வாங்கினேன். அதற்கு டயர் மாற்றப் போய்த்தான் பாவாவிடம் மாட்டினேன்.

மற்ற கடைகளில் டயர் கேட்டால் டயர் கொடுப்பார்கள். பாவா கடையில் முதலில் விசாரணை. தினமும் எங்கே போகிறாய், எந்த வழியாகப் போகிறாய், வழியில் எங்கே டீ குடிப்பாய், மலைக்குப் போனால் வண்டியை மேலே வரை ஓட்டுவாயா, பாதியில் இறங்கித் தள்ளுவாயா. பொய் சொல்லிப் பயனில்லை. ஏனென்றால் விசாரணை முடிந்ததும் கடை வாசலில் ஒரு பிடி கோலமாவை நீளமாகத் தூவுவார். நாம் பழைய டயரோடு அதன்மேல் மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். மாவைத் தாண்டியதும் தார் ரோட்டில் டயரின் தடம் வெள்ளையாக விழும். பாவா லுங்கியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தடத்தைப் படிப்பார். எங்கே பிரேக் பிடிக்கிறோம், எந்தப் பக்கம் சாய்கிறோம், பயந்தவனா, அவசரக்காரனா, எல்லாம் அதில் இருக்கிறதாம். மைக்ரோஸ்கோப்பில் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருக்கிற எனக்கு இதைப் பார்த்துச் சிரிப்பாக வந்தது. அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் கோலம் போட மாவு மிஞ்சுவதே இல்லையென்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருவர் லீவுக்கு வந்திருந்தார். காடு மேடெல்லாம் போகப் போகிறேன், இருப்பதிலேயே முரட்டு ரப்பர் பட்டன் புடைத்த டயராகக் கொடுங்கள் என்றார். பாவா மாவைத் தூவினார். தடத்தைப் பார்த்தார். இந்த வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதே இல்லை என்றார். வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது, கூட வந்த அவர் மனைவியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் வழவழவென்ற ரோட்டு டயரை மாட்டிக்கொண்டு இருவரும் போனார்கள்.

இன்னொரு நாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பாவா அவருடைய தடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நடுவுல மட்டும் சுத்தமா தேஞ்சிருக்கு பாவா. உங்ககூட ஓட்டிகினு யாரும் வர்றதில்லையா?" என்று கேட்டார். பாவா டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் அந்த மனிதர், கூட வந்துகொண்டிருந்த நண்பர் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் நான் பாவாவைப் பிடித்துக்கொண்டேன். இது என்ன ஜோசியம் என்றேன். ஜோசியமெல்லாம் இல்லை, கணக்கு என்றார். நம் ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. தனியாக ஓட்டுகிறவன் நடு மேட்டுக்கு வந்துவிடுவான், டயர் நடுவில் தேயும். இருவராகப் போனால் இடப்பக்கம் போகிறவன் ஓரத்துச் சரிவில்தான் போக வேண்டும், அவன் டயரின் வலப்பக்கம் தேயும். அப்படியானால் உன் டயரும் நடுவில்தானே தேய்ந்திருக்கிறது என்று மடக்கினேன். அவர் அசரவில்லை. தான் பேசிக்கொண்டே வருகிறவன், பேசுகிறவனுக்குத்தான் நடு ரோடு என்றார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே எனக்கு டயர் தர மறுத்துவிட்டார். நீ எங்கே ஓட்டுகிறாய் என்று பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்கூட வா என்றார். ஞாயிறு காலை நான் முதல் ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வருவேன். அவர் மலைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வருவார். இருவரும் பள்ளிப்பட்டு ரோட்டில் மிதிப்போம். கொஞ்ச தூரம் தார். பிறகு செம்மண். அப்புறம் கல்லும் கரடும். ஏரிக்கரையில் மணல். திரும்புகிற வழியெல்லாம் வேலிகாத்தான் முள். ஒரே சுற்றில் இத்தனை தினுசு தரை இருந்தால் என்ன டயர் போடுவது? பட்டன் பெரிதாக இருந்தால் தாரில் ஓடாது, சின்னதாக இருந்தால் கல்லில் பிடிக்காது. பாவா வாரா வாரம் யோசித்தார். அரசாங்கம் கமிஷன் வைத்தால்கூட அவ்வளவு நாள் எடுத்திருக்காது. கேட்கும்போதெல்லாம் உன் பழைய டயருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, உயிர் இருக்கிற டயரைக் கழற்றக் கூடாது என்பார். மூன்று மாதம் போனது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. போனில் பார்த்து, தள்ளுபடியில் ஒரு ஜோடி முரட்டு டயர் வரவழைத்தேன். பாவாவுக்குத் தெரியாமல் வீட்டிலேயே மாட்டினேன். இரண்டு நாள் அவர் கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனேன். திருடனுக்குக்கூட அவ்வளவு நடுக்கம் இருந்திருக்காது. மூன்றாம் நாள் காலை மழை பெய்து விட்டிருந்தது. பாவா எங்கள் தெருமுனையில் நின்று ஈரமண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியோடு அப்படியே நின்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கட்டைவிரலால் என் முன் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, காற்று ஜாஸ்தி, கொஞ்சம் இறக்கிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்த ஞாயிறும் கூட வந்தார். என் புது டயர் தாரில் வண்டுபோல ரீங்காரம் போட்டது. அவர் பேசவே இல்லை, நடு ரோட்டில் வாயை மூடிக்கொண்டு வந்தார். கல் இறக்கத்தில் என் பின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் என்னை வேலிகாத்தானில் உட்கார வைத்தது. எங்கெங்கே முள் குத்தியது என்று இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. பாவா பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முழுசாகப் பிடுங்கி முடித்த பிறகுதான் சிரித்தார். சிரித்தார் என்றால், ஏரிக்கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் போயிற்று.

மறுநாள் கடைக்குக் கூப்பிட்டார். பரண்மேலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, மேலே 'லேபு' என்று எழுதியிருந்தது. பிரித்தால் ஒரு ஜோடி டயர். முன்னதில் பட்டன் பெரிது, பின்னதில் சின்னது, நெருக்கமானது. நான் டயரைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்த தாளின் தேதியைப் பார்த்தேன். நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து சுற்றிவிட்டு வந்த ஞாயிற்றுக்கு மறுநாள் தாள் அது. அன்றைக்கே சொல்லி வரவழைத்துவிட்டு, என் பழைய டயர் சாகட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்திருக்கிறார்.

"முன்னது புடிக்கணும், பின்னது உருளணும். அவ்ளோதான் லேபு விஷயம்" என்றார். யோசிக்கிற மாதிரி வாரா வாரம் ஏன் இழுத்தாய் என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நீ ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பாயா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அதன்பிறகு எத்தனையோ ஞாயிறு. அவர் நடு ரோட்டில், நான் ஓரத்தில். அவர் பேச, நான் ஆங் ஆங் என்று சொல்ல. ஒவ்வொரு ஜோடி டயர் மாற்றும்போதும் மாவில் ஓட்டச் சொல்லி, வலப்பக்கம் தேய்ந்திருப்பதைக் காட்டி, பார்த்தாயா கணக்கு என்பார். எல்லாம் தற்செயல் என்பேன். அவரோடு சண்டை போடுவதற்காகவே நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பது இப்போது புரிகிறது.

பாவாவின் மகளுக்கு நெல்லூரில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவியோடு ரயிலேறினார். வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நிற்கிற டயர் ஓடுகிற டயரைவிட சீக்கிரம் செத்துப்போகும், அவ்வப்போது உருட்டி வை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் இரண்டு வருஷமாகிவிட்டது. கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். வாரா வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. அவர் போனில் கத்துவார், பின்னால் இரண்டு பிள்ளைகளும் கத்தும், ஒரு நிமிஷத்தில் வைத்துவிடுவார். அவரில்லாமலும் நான் ஓட்டினேன், சர்க்கரைக்காக. ஆனால் நெல்லூர் ரயில் எந்த ஞாயிறாவது அவரைக் கொண்டுவந்து இறக்காதா என்று பள்ளிப்பட்டு ரோட்டில் ஏறும்போதெல்லாம் நினைப்பேன்.

போன மாதம் மலை ரோட்டு வளைவில் வழுக்கி விழுந்தேன். முழங்கை தோல் போயிற்று. டயர் மொட்டையாகிவிட்டது, மாற்று, இல்லாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்றாள் என் மனைவி. அவள் சொன்னால் செய்கிறவள். போனைத் திறந்து டயர் தேடினேன். அகலம், ரப்பரின் தினுசு, ட்யூப் உள்ளதா இல்லாததா, ஈரத்துக்கு ஒன்று, காய்ந்த தரைக்கு ஒன்று என்று நாலு நாள் படித்தேன். தலை சுற்றியது. விஷயம் டயர் இல்லை. இதைக் கழற்றினால் பாவா கையால் மாட்டிய கடைசி டயர் போய்விடும். அதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு பிடி கோலமாவு கேட்டேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தவிர வாசலில் எதுவும் இருக்காது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். வாசலில் தூவி, அதன்மேல் ஓட்டினேன். இறங்கி வந்து குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் பட்டன் பட்டனாக வெள்ளை. நடுவில் வெறும் கோடு. கண்ணைத் திறந்து மறுபடியும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

நெல்லூருக்குப் போன் போட்டேன். டயர் மாற்ற வேண்டும் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது.

"மாவு போட்டியா?"

"போட்டேன் பாவா."

"வலப்பக்கம் தானே?"

"இல்ல பாவா. நடுவுல தேஞ்சிருக்கு."

மறுமுனையில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"முன்னது, பின்னது ரெண்டுமா?"

"ஆங். ரெண்டும்."

அவர் பிள்ளைகளை யாரிடமோ கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். குரல் தணிந்து வந்தது.

"ரெண்டு ஜோடியா வாங்கு லேபு. என் சைசு உனக்குத் தெரியும்ல."

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது தேதி சொல்லிவிடுவார், பிறகு அந்தத் தேதியில் வராமல் போய்விடுவார். இரண்டு ஜோடி வாங்கினேன். என்னுடையதை மாட்டிக்கொண்டேன், முன்னது பிடிக்க, பின்னது உருள. அவருடையதைச் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, 'பாவா' என்று எழுதி, அவர் வண்டிக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். தேதி தெரிகிற பக்கத்தை வெளியே வைத்துத்தான் சுற்றினேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நடு ரோட்டில் ஏறுவதில்லை. ஓரத்துச் சரிவிலேயே, ஒரு ஆள் போகிற இடத்தை வலப்பக்கம் விட்டுவிட்டு ஓட்டுகிறேன். பின்னால் வருகிற பஸ்காரர்களுக்கு என்மேல் ரொம்ப மரியாதை. நேற்று மறுபடியும் மாவு தூவிப் பார்த்தேன். புது டயர்தான், இன்னும் பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் வலப்பக்கம் லேசாகத் தேய ஆரம்பித்திருக்கிறது.