சிங்கராஜாவின் கன்னம்

ஒரு காட்டில் கரண்ட் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மரம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாவல் மரத்தின் இரண்டாவது கிளையில் பச்சைநாயகி என்ற தையல்சிட்டு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடை வைத்திருந்தாள்.

அவளுடைய இனத்தார் இலையைச் சுருட்டி நாரால் தைத்துக் கூடு கட்டுவதோடு திருப்திப்பட்டவர்கள். பச்சைநாயகிக்கு அது போதவில்லை. மான்குட்டிகளின் சீருடைக்கு பேட்ஜ், கரடி வீட்டுக் கல்யாணத்துக்கு ஜாக்கெட் என்று தைத்துத் தைத்து நல்ல பெயர் வாங்கியிருந்தாள். நல்ல பெயரில் ஓர் ஆபத்து உண்டு. அது ராஜாவின் காதுக்கும் எட்டிவிடும்.

எட்டியது. ஒருநாள் காலை ராஜாவின் பி.ஏ. கீரிப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு மரமேறி வந்தார்.

"பச்சைநாயகியம்மா, ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. வர்ற வெள்ளிக்கிழமை விழா. சால்வையில ராஜா முகத்தைப் போட்டுத் தரணும். படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். மெஷினுக்குள்ள விட்டு எடுத்துக் குடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதானே?"

"கீரியண்ணே, படத்தைக் குடுத்தா அப்படியே வர்றதுக்கு இது ஜெராக்ஸ் மெஷின் இல்ல. ஊசி எங்க இறங்கணும், எங்க ஏறணும்னு ஒவ்வொரு தையலையும் நான் சொல்லணும்."

"சொல்லுங்க, யாரு வேண்டாம்னா? உங்களுக்கு முன்னாடி இருந்த முயலார்கூட நிறையச் சொல்லுவாரு."

முயலார் அரசவைத் தையல்காரராக இருந்தவர். ராஜாவின் இடுப்பளவைச் சபையில் உரக்கச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. பச்சைநாயகி ஆர்டரை எழுதிக்கொண்டாள்.

ஐயாயிரம் டிசைன் இருக்கிறது என்று யாரோ சத்தியம் செய்து விற்ற பென் டிரைவ் ஒன்று அவளிடம் இருந்தது. திறந்து பார்த்தால் இரண்டாயிரம் மாங்காய், ஆயிரம் மயில், மிச்சம் பெரும்பாலும் பூவும் கொடியும். மயில்களே "வேற ஏதாவது காட்டும்மா" என்று கேட்க ஆரம்பித்திருந்தன. சிங்கம் தேடியதில் மூன்று கிடைத்தது. ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாயாகத் தெரிந்தது. இன்னொன்றுக்கு ஏனோ சிறகு முளைத்திருந்தது. மூன்றாவது, குழந்தைப் போர்வையில் போடும் சிங்கம், கையில் பலூனோடு நின்றது. முகம் மட்டும் பரவாயில்லை. பச்சைநாயகி அதையே எடுத்து, பலூனைப் பிடுங்கி, வாட்ஸ்அப்பில் வந்த ராஜா படத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்து, பிடரியில் கொஞ்சம் மயிரும் கூட்டினாள்.

கடைசியாகச் சிங்கத்தின் கன்னத்தில் கை வைத்தாள். நூலுக்கு ஒரு குணம் உண்டு, தைத்து முடித்ததும் துணியைச் சுருக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். திரையில் வட்டமாகப் போட்ட நிலா துணியில் கோழிமுட்டையாக வந்து நிற்கும். நிலா வேண்டுமென்றால் திரையில் பரங்கிக்காயைப் போட வேண்டும். இது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ராஜாவின் கன்னத்தை இரண்டு பக்கமும் நன்றாக அகட்டி வைத்தாள். திரையில் ராஜா பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

ராஜாவோ விழாவுக்காக ஒரு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டு, அரும்பாடுபட்டு இளைத்திருந்தார். பச்சைநாயகி குகைக்குப் போய் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியதும் ராஜா திரைக்குக் கிட்டே வந்து முறைத்தார்.

"இது யாரு?"

"நீங்கதான் ராஜா. துணியில ஏறினதும் சரியாயிடும். நூல் இழுக்கும்ல, அதுக்காகக் கொஞ்சம் அகலமா..."

"நூல் என்னை இழுக்குமா? இந்தக் காட்டுல என்னை இழுக்க ஒருத்தன் இருக்கானா?"

"இல்ல ராஜா, துணியை..."

"கன்னத்தைக் குறை."

குறைத்தாள். "இன்னும்." இன்னும் குறைத்தாள். தாடையைக் கூராக்கச் சொன்னார், ஆக்கினாள். திரையில் இப்போது பெண் பார்க்கப் போகும் வயதில் ஒரு சிங்கம் இருந்தது. ராஜா ஒப்புதல் படிவத்தில் மூன்று பிரதியிலும் பாதத்தைப் பதித்தார். "இதுல ஒரு தையல் மாறினாலும் முயலுக்கு ஆனதுதான் உனக்கும்" என்று கீரிப்பிள்ளை காதோரம் ஞாபகப்படுத்தினார்.

வியாழக்கிழமை, பழைய துணி ஒன்றை ஃப்ரேமில் மாட்டி, ராஜா திருத்திய டிசைன் கோப்பை மெஷினில் ஓட்டிப் பார்த்தாள். பயந்தபடியே ஆனது. துணியில் வந்தது ஒரு வெள்ளாடு. அதுவும் நாலு நாளாகப் பட்டினி கிடந்த வெள்ளாடு.

கீரிப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் போர்த்துனா உங்களைத் தின்னுடுவாரும்மா."

"மாத்தித் தைக்கட்டுமா?"

"ஒப்புதல் இல்லாம மாத்துனாலும் தின்னுடுவாரு."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும் அண்ணே?"

"நான் இங்க வரவே இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் மரத்தை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

பச்சைநாயகிக்கு அழுகை வந்தது. பேசாமல் இலையையே தைத்துக்கொண்டிருந்திருக்கலாம், இலைக்கு யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. அழுது முடித்ததும் கோபம் வந்தது. சாவதுதான் சாகிறோம், நல்ல தையலுக்காகச் சாவோம் என்று, திருத்துவதற்கு முன்பு சேமித்து வைத்திருந்த தன் பழைய கோப்பை, அந்தப் பொன்னுக்கு வீங்கிக் கன்னத்தோடு, சால்வையில் ஓட்டினாள். ஆறு மணி நேரம் ஓடியது. ஃப்ரேமைக் கழற்றியபோது ராஜா அச்சு அசலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. சால்வையைப் பார்த்ததும் ராஜா எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? முதல்ல இந்தப் பொண்ணு என்னைப் பூசணிக்காய் ஆக்கி வச்சிருந்தா. நான் உக்காந்து கன்னத்தைத் திருத்திக் குடுத்தேன். எப்படி வந்திருக்கு! சொன்னதைச் சொன்னபடி தைச்சதுக்காக இவளுக்குப் 'பணிவுச் சிகரம்' பட்டம் குடுக்கிறேன்."

கைதட்டல் காட்டையே உலுக்கியது. உயிர் பிழைத்ததே போதும் என்று பச்சைநாயகி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு வயிறு எரிந்தது. அது அவள் கன்னம், அவள் கணக்கு, அவள் வேலை. சால்வையைப் போர்த்துவதற்காகப் பிடரியில் உட்கார்ந்தவள், யோசிக்காமல் ராஜாவின் காதுக்குள் சொல்லிவிட்டாள்: "ராஜா, இது நீங்க திருத்தினது இல்ல. என்னோட பழைய கோப்பு."

ராஜாவின் பிடரி சிலிர்த்தது. பச்சைநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். சபை இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. ராஜா சபையைப் பார்த்துப் புன்னகை மாறாமல், உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"கீரியண்ணனுக்கு மட்டும்தான் ராஜா."

"அவன் எதையும் பாத்திருக்க மாட்டான்." ராஜா சால்வையைத் தடவிக்கொண்டார். "அடுத்த மாசம் ராணிக்கு ஜாக்கெட் தைக்கணும். நல்லபடியா தை. எனக்குக் காட்டுறதுக்கு மட்டும் தனியா ஒரு கோப்பு கொண்டு வா."

"சரி ராஜா."

"கொஞ்சம் கோணலாவே கொண்டு வா. எனக்கும் திருத்த ஏதாவது வேணுமில்ல?"

நீதி: பெரிய இடத்துக்கு வேலையைக் காட்டப் போகும்போது, அவர்கள் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு தப்பை வைத்துக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் சரியாக இருப்பதில் கை வைப்பார்கள்.