கரையாத மோதிரம்

"பால் பாக்கெட்டைப் பல்லால கடிக்காதீங்க, கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?" என்றாள் என் மனைவி. நான் கடித்தேன். சிரித்துக்கொண்டே பேருந்துக்கு ஓடினாள். மதியம் வேலையிடத்தில் சரிந்து விழுந்தவள் வீடு திரும்பவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஊரே 'குவார்க் சாமி'யின் கூடத்துக்கு ஓடியது. அணுவின் கருவுக்குள் இருக்கும் நுண்துகள்தான் குவார்க்; அதில் கனமான நான்கைப் பிடித்துப் பெட்டியில் அடைத்திருக்கிறாராம். இறந்தவரின் நகையை அதில் போட்டுப் பேசினால் அவர் காதில் விழுமாம். விழுந்தால் பச்சை விளக்கு மின்னுமாம். நகை? அது கரைந்து குவார்க்காகிவிடுமாம்!

கனமான குவார்க் நான்கு சேர்ந்த துகள் பெட்டியில் தங்காது. 'பெ' என்று வாயைத் திறப்பதற்குள் சிதைந்து, சிதைந்த சுவடும் ஆறிப்போயிருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அத்தகைய துகளைத் தேடும் ஆய்வகத்தில்தான் பத்தொன்பது வருடமாக உத்தியோகம். அப்பேர்ப்பட்ட அறிவாளி முன்வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"பாருங்க, ஆய்வகத்து ஐயாவே வந்துட்டார்!" என்றார் சாமி. கூட்டம் கைதட்டியது. விளம்பரப் பலகைக்காவது வாடகை உண்டு. நான் இலவசம்.

மனைவியின் மோதிரம் மச்சினியிடம் இருந்தது. கேட்டதும் ஒட்டிய உறை ஒன்றைத் தந்தாள். "பிரிக்காமப் போடுங்க அத்தான்."

போட்டேன். "நான் பேசறது கேக்குதாம்மா?"

பச்சை மின்னியது. குலுங்கி அழுதேன்.

"உங்க சம்சாரத்துக்குக் கேக்குது!" என்றார் சாமி.

"எனக்குத்தான்யா கேக்குது!" பின்வரிசையிலிருந்து மச்சினியின் குரல். "அது என் மோதிரம். நான் உயிரோட நிக்கறேன், நல்லாப் பாரு!"

விறுவிறுவென வந்து மேசைத் துணியைத் தூக்கினாள். சாமியின் கால் கட்டைவிரலுக்கடியில் சுவிட்ச். பெட்டியின் அடியில் ஓட்டை. அதற்குக் கீழே ஒரு துணிப்பை. ஊரார் நகையெல்லாம் அதில், ஒரு குன்றிமணி எடைகூடக் கரையாமல்.

திரும்பும் வழியில் கேட்டாள்: "வரைபடத்துல துகள் தெரியும்னு ஆசைப்படற இடத்த மட்டும் மூடி வெச்சிட்டுத்தான் கணக்குப் போடுவோம், இல்லேன்னா ஆசையே கண்ணை ஏமாத்திடும்னு பெருமையடிப்பீங்களே அத்தான்?"

"அது ஆபீஸ்ல."

"மூளையையும் அங்கேயே பூட்டிட்டு வந்துட்டீங்களாக்கும்?"

அழுகிறவர்களே, நன்றாக அழுங்கள், குற்றமில்லை. அழுதுகொண்டே மேசைத் துணியையும் தூக்கிப் பாருங்கள்.

கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பால் பாக்கெட்டை இன்னும் பல்லால்தான் கடிக்கிறேன்.